தோட்டத்து வானமும் அயலூர் வரைபடமும்

கோலாலம்பூரிலும் சிரம்பானிலும் உள்ள புத்தகக் கடைகளில், வானத்தைப் பார்த்துப் பழக விரும்புகிறவர்களுக்கென்று விற்கப்படும் வழிகாட்டி நூல்களை ஒருவர் பொறுமையோடு புரட்டிப் பார்ப்பாரானால், தாள், அச்சு, வர்ணம் ஆகிய எல்லாவற்றிலும் அவை உயர்ந்த தரத்தில் இருப்பதையும், ஆனால் அவற்றுள் பெரும்பாலானவை பூமத்திய ரேகைக்கு வடக்கே 40 முதல் 52 பாகை வரையுள்ள ஊர்களில், கம்பளிச் சட்டை அணிந்து வீட்டுப் பின்புறத்தில் நிற்கும் ஒரு வாசகரை மனத்திற்கொண்டு எழுதப்பட்டிருப்பதையும் காண்பார். நம்முடைய நெகிரி செம்பிலான் மாநிலமோ வடக்கே இரண்டு, மூன்று பாகைகளுக்குள் அடங்கிக் கிடப்பது. சிரம்பான் நகரம் 2 பாகை 43 கலையில் இருக்கிறது. இந்த வித்தியாசத்தை யாரும் எடுத்துச் சொல்லாமையால், ஆசையோடு அந்நூல்களை வாங்கிக்கொண்டு ரந்தாவிலோ, சிலியாவிலோ, பகாவ் பக்கத்துத் தோட்டங்களிலோ இரவில் திடலுக்குப் போகும் நம் பிள்ளைகள், நாலைந்து முயற்சிகளுக்குப் பிறகு, தமக்கு இந்தச் சாஸ்திரம் வராது என்று தீர்மானித்துப் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். ஒரு வரைபடத்தைக் கையில் எடுத்தவுடன், இது எந்த ஊர் வானத்துக்கு, எந்த ஊர்க் கடிகாரத்துக்கு வரையப்பட்டது என்று விசாரித்துக்கொள்ளும் பழக்கம் நம்மிடையே ஏற்படாததே இதற்கெல்லாம் காரணம் என்பது என் அபிப்பிராயம்.

முதல் பாடத்திலேயே சங்கடம் ஆரம்பமாகிவிடுகிறது. சப்தரிஷி மண்டலத்தின் முன்பக்கத்து நட்சத்திரங்கள் இரண்டையும் ஒரு கோட்டில் இணைத்து நீட்டினால் துருவ நட்சத்திரத்தை அடையலாம் என்பதில்தான் ஆங்கில வழிகாட்டிகள் ஏறத்தாழ அனைத்தும் போதனையைத் தொடங்குகின்றன. துருவ நட்சத்திரத்தின் உயரம் பார்க்கிறவர் நிற்கும் ஊரின் அட்சரேகைக்குக் கிட்டத்தட்டச் சமம் என்பது விதியாதலால், லண்டன்வாசிக்கு அது ஐம்பது பாகைக்கு மேல் கம்பீரமாக நிற்கிறது. சிரம்பான்வாசிக்கோ மூன்று பாகைக்கு அங்கும் இங்குமாக, நீட்டிய கையின் ஒன்றரை விரற்கடை உயரத்தில், செம்பனை மட்டைகளுக்கும் அடிவானத்து மூட்டத்துக்கும் பின்னால் ஒளிந்துகொள்கிறது. தோட்டத்தில் நின்று அதைக் கண்டேன் என்று ஒருவர் சொன்னால் நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் கேட்பேன். ஆகவே, முதல் பாடத்தில் தேறாதவன் அடுத்ததற்குப் போகக்கூடாது என்று எண்ணும் நல்ல மாணாக்கன், இல்லாத நட்சத்திரத்தைத் தேடிக் கழுத்து நோக நின்றுவிட்டுத் திரும்புகிறான்.

மிருகசீரிடமும் திருவாதிரையும் அடங்கிய வேட்டைக்காரன் மண்டலத்தின் கதையும் இதுதான். தெற்கு அடிவானத்துக்கு மேலே, இடுப்பில் கச்சை கட்டி, இரு கால்களையும் ஊன்றி நிமிர்ந்து நிற்கும் வீரனாக அதை அந்தப் புத்தகங்கள் சித்திரிக்கின்றன. நமக்கு அவன் நிமிர்ந்து நிற்பதே கிடையாது. நேர் கிழக்கே ஒருக்களித்துப் படுத்தபடி உதயமாகி, கச்சையின் மூன்று நட்சத்திரங்களும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி வர, நம் தலைக்கு நேர் உச்சியில் மூன்று பாகை தள்ளிக் கடந்து, அவ்வாறே நேர் மேற்கில் இறங்கிவிடுகிறான். தைப்பூசத்தை ஒட்டிய இரவுகளில் அவனைப் பார்க்கத் திடலில் பாய் விரித்து மல்லாந்து படுப்பதே சரியான முறை. அப்படிப் படுத்துப் பார்க்கும்படி எந்த வழிகாட்டியும் நமக்குச் சொல்வதில்லை.

இங்கே ஒரு பாகுபாட்டைத் தெளிவாகச் செய்துகொள்வது அவசியம். நட்சத்திரப் படங்களில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று, 1910-ஆம் ஆண்டில் ஆர்தர் நார்ட்டன் என்ற ஆசிரியர் வெளியிட்டு இன்றளவும் பெயர் குன்றாமல் இருக்கும் அட்லஸைப் போன்றது. அதில் ஆகாயம் முழுவதும் துண்டு துண்டாக, வட துருவத்திலிருந்து தென் துருவம் வரை ஒன்று விடாமல் வரையப்பட்டிருக்கும். அடிவானம் என்ற கோடே அதில் இராது. மற்றொன்று, இன்ன மாதத்தில் இன்ன மணிக்கு வானம் இப்படி இருக்கும் என்று ஒரு வட்டத்துக்குள் வரைந்து காட்டும் பருவகாலப் படம். அதன் வட்டவிளிம்பே அடிவானம். முதல் ஜாதி எந்த ஊரிலும் உண்மை பேசும். ஏனென்றால் நட்சத்திரங்கள் ஒன்றுக்கொன்று இருக்கும் இடம் ஊருக்கு ஊர் மாறுவதில்லை. இரண்டாவது ஜாதி தன் சொந்த ஊரில் மட்டுமே உண்மை பேசும். 1952-இல் எச். ஏ. ரே எழுதிய அழகான புத்தகமும், டெரன்ஸ் டிக்கின்சனின் பிரசித்தி பெற்ற ‘நைட்வாட்ச்’ நூலும், சிறு தொலைநோக்கி வைத்திருப்பவர்கள் வேதம்போல் கருதும் ‘டர்ன் லெஃப்ட் அட் ஓரியன்’ என்ற நூலும் மிக நல்ல ஆசான்களே. அவற்றிலுள்ள உருவங்களையும், ஒரு நட்சத்திரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வழிகளையும் தாராளமாக ஏற்றுக்கொள்ளலாம். அடிவானத்தைப் பற்றி அவை சொல்வதை மட்டும் தோட்டத்து எல்லையிலேயே நிறுத்திவிட வேண்டும்.

கையால் திருகிக் காலத்தைப் பொருத்திப் பார்க்கும் சுழல் வட்டப் படத்தின் விஷயம் இன்னும் மோசம். துருவத்தை நடுவில் வைத்து வானத்தை விரிப்பது அதன் அமைப்பாகையால், நடுவிலிருந்து விலக விலக உருவங்கள் பக்கவாட்டில் இழுபட்டுச் சிதைகின்றன. வட துருவமும் தென் துருவமும் ஏறக்குறைய இரண்டு அடிவானங்களிலும் உட்கார்ந்திருக்கிற நம்மைப் போன்றவர்களுக்கு, தென்திசை வானம் முழுவதும் அந்த அட்டையின் ஓரத்தில் உருத்தெரியாமல் பிதுங்கிப் போகும். இரண்டு பக்கமும் அச்சிட்டு, ஒரு பக்கத்தில் வடக்கையும் மறுபக்கத்தில் தெற்கையும் காட்டும் அட்டைதான் இந்த நாட்டுக்கு உதவும். மற்றதை வாங்குவது பண விரயம்.

ஊர் வித்தியாசத்தையாவது சிலர் அறிந்திருக்கிறார்கள். கடிகார வித்தியாசத்தை அறிந்தவர்கள் அரிது. சிரம்பான் கிழக்குத் தீர்க்கரேகை 102 பாகையை ஒட்டி இருப்பதால், சூரியனைக் கொண்டு கணித்தால் நமது சொந்த நேரம் கிரீன்விச்சுக்கு 6 மணி 48 நிமிஷம் முந்தியது. ஆனால் நம் கடிகாரங்களோ, அரசாங்கங்கள் மாற மாற, தாமும் மாறி வந்திருக்கின்றன. 1933-இல் 7 மணி 20 நிமிஷமாகவும், 1941-இல் ஏழரை மணியாகவும் இருந்த வித்தியாசம், ஜப்பானியர் காலத்தில் டோக்கியோவை அனுசரித்து ஒன்பது மணியாகி, யுத்தம் முடிந்ததும் மறுபடி ஏழரைக்கு இறங்கி, 1982 ஜனவரி முதல் தேதியிலிருந்து எட்டு மணியாக நிலைத்தது. இதனால் நம் கடிகாரம் நம் சூரியனைவிட 72 நிமிஷம் முன்னால் ஓடிக்கொண்டிருக்கிறது. உச்சிப்பொழுது பன்னிரண்டு மணிக்கு வராமல் ஒன்று பத்து, ஒன்று பதினைந்துக்கு வருவதும், மாசி மாதத்தில் ஏழு மணி தாண்டியும் வெயில் அடிப்பதும் அதனால்தான். பருவகாலப் படத்தின் அடியில் ‘இரவு 9 மணி’ என்று போட்டிருந்தால், அது அந்தந்த ஊரின் இயற்கை நேரத்தையே பெரும்பாலும் குறிப்பது. நாம் அதை 10 மணி 12 நிமிஷத்துக்கு வெளியே எடுத்துச் சென்றால்தான் படமும் வானமும் ஒத்துப்போகும். மணிக்குப் பதினைந்து பாகை வீதம் வானம் நகர்கிறது என்பதை நினைத்துப் பார்த்தால், இந்த ஒரு திருத்தத்தைச் செய்யாதவன் பதினெட்டுப் பாகை தப்பாகத் தேடுகிறான் என்பது விளங்கும்.

இந்தத் திருத்தங்களையெல்லாம் செய்துகொள்ளுமளவுக்கு நம் வானத்தில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய சரித்திரத்தைச் சொல்லலாம். ஐரோப்பியர் தென்திசை நட்சத்திரங்களை முறையாகப் பட்டியலிட முற்பட்டது நமக்கு அக்கம்பக்கத்துக் கடல்களில்தான். டச்சுக் கப்பல்களில் வந்த பீட்டர் கெய்சர் என்ற மாலுமி, தாம் கண்டவற்றைக் குறித்துக்கொண்டே 1596-இல் ஜாவாத் தீவின் பந்தம் துறையில் உயிர் நீத்தார். அவரோடு வந்த ஃபிரெடரிக் டி ஹௌட்மன், அடுத்த பயணத்தில் நமது நீரிணைக்கு அக்கரையிலுள்ள ஆச்சே ராஜ்யத்தில் சிறைப்பட்டு, 1599 முதல் 1601 வரை அங்கே இருந்த காலத்தில், பகலில் மலாய் மொழியையும் இரவில் நட்சத்திரங்களையும் பயின்றார். 1603-இல் அவர் வெளியிட்ட மலாய் மொழி அகராதியின் பின்னிணைப்பாக, 300-க்கும் மேற்பட்ட தென்திசை நட்சத்திரங்களின் இருப்பிடங்கள் அச்சாகியிருக்கின்றன. ஓர் அகராதியின் வால் பகுதியில் ஒரு வானம் ஒட்டிக்கொண்டு வெளிவந்தது வேறெங்கும் கேள்விப்படாத விசித்திரம். சர்வதேச வானியல் சங்கம் 1922-இல் ஒப்புக்கொண்ட 88 மண்டலங்களில், இந்த இரு மாலுமிகளின் குறிப்புகளிலிருந்து பிறந்தவை பன்னிரண்டு. அவற்றையெல்லாம் நம் தோட்டத்துத் திடலிலிருந்து பார்க்கலாம். அவற்றில் பெரும்பாலானவற்றை லண்டனிலிருந்து பார்க்கவே முடியாது. ஒமேகா சென்டாரி என்ற மகத்தான நட்சத்திரக் கூட்டத்தை வடதேசத்துப் புத்தகங்கள் கடைசிப் பக்கங்களுக்கு ஒதுக்கிவிடுகின்றன. இங்கே அது நாற்பது பாகை உயரத்துக்கு ஏறி வந்து, சாதாரணப் பைனாகுலரிலேயே பஞ்சுத் துகள்போல் தெரிகிறது.

தோட்டத்து மக்களுக்கும் வானத்துக்கும் உறவு இல்லாமல் இருந்ததில்லை. விடியலுக்கு முந்திப் பெரட்டுக்கு நின்று, தலைவிளக்கைப் பொருத்திக்கொண்டு, உளியும் காண்டா வாளியுமாக நிரைக்குள் நுழைந்தவர்கள், தங்கள் ஆயுளில் பார்த்த விண்மீன்களை இன்றைய நகரவாசிகள் பார்த்திருக்க மாட்டார்கள். லிங்கிப் பக்கத்துத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டி ஓய்ந்த ஒரு பெரியம்மாவிடம், கடிகாரம் இல்லாத நாளில் எப்படி நேரம் பார்த்தீர்கள் என்று கேட்டேன். “ஆறாமீன் இருக்கே தம்பி, ஆடி மாசத்துல அது கெழக்கால கோயில் மரத்துக்கு மேல வந்துச்சுன்னா அடுப்பு மூட்டுவோம். ஐப்பசி வந்தா அது மேக்கால சாஞ்சு போயிடும், அப்புறம் வேற மீனப் பாத்துக்குவோம்” என்றார். மாதந்தோறும் ஒரே நட்சத்திரம் இரண்டு மணி நேரம் முன்னதாக உதிப்பதை, அதாவது சுழல் வட்டத்தைத் திருகிப் பார்த்து நாம் தெரிந்துகொள்வதை, அந்த அம்மையார் லயத்து வாசலில் நின்றே தெரிந்துவைத்திருந்தார். மாசியை ஒட்டி ரப்பர் மரங்கள் இலையுதிர்த்து நிற்கும் சில வாரங்களில் மட்டும் நிரைக்குள்ளேயே வானம் திறந்துகொள்ளும் என்றும் அவர் சொன்னார். செம்பனை வந்த பிறகு அந்தச் சௌகரியமும் போய்விட்டது.

இனி என் முக்கியமான யோசனைக்கு வருகிறேன். நம் வீட்டுச் சுவர்களில் தொங்கும் நாட்காட்டித் தாளில், ராகுகாலத்துக்கும் சூலத்துக்கும் இடையில், அன்றைய நட்சத்திரம் என்று ஒரு பெயர் அச்சாகியிருப்பதை எல்லோரும் அறிவோம். பெண் பார்க்கவும் பெயர் வைக்கவும் சந்திராஷ்டமம் பார்க்கவும் பயன்படுவதோடு அது நின்றுபோய்விட்டதே ஒழிய, அன்றைய தினம் சந்திரன் ஆகாயத்தில் எந்த நட்சத்திரத்தின் பாகத்தில் நிற்கிறான் என்ற ஒரு வானியல் செய்திதான் அது என்பதை நாம் மறந்துவிட்டோம். தோட்டத்துப் பிள்ளைக்கு முதல் நட்சத்திரப் படம் அந்தத் தாளாகவே இருக்கட்டும் என்கிறேன். ரோகிணி என்று போட்டிருக்கும் நாளில் சந்திரனுக்குப் பக்கத்தில் செந்நிறமாக ஒளிர்வதைப் பார்த்தால் அதுவே ரோகிணி. மகமும் சித்திரையும் கேட்டையும் அவ்வாறே. சந்திரன் போகும் பாதையிலேயே கிடக்கும் முதல்தர நட்சத்திரங்கள் இந்த நான்குமே. கார்த்திகைக் கூட்டமும் பாதையை ஒட்டியே இருக்கிறது. பௌர்ணமி வெளிச்சத்தில் சிறு நட்சத்திரங்கள் மறைந்துபோகுமாதலால், வளர்பிறை ஏழு, எட்டாம் நாள்வரை இந்தப் பயிற்சிக்கு உகந்த காலம். ஒரு வருஷம் இப்படிப் பார்த்து வந்தால் ராசிமண்டலத்தின் முதுகெலும்பு முழுவதும் மனத்தில் பதிந்துவிடும். அதன் பிறகு எந்த அட்லஸைத் திறந்தாலும் தெரிந்த முகங்கள் அதில் தென்படும்.

நம் திருவிழாக்களே இந்த முறையை அனுசரித்து நிற்பவை. தைப் பௌர்ணமியில் பூசம், மாசியில் மகம், பங்குனியில் உத்திரம், வைகாசியில் விசாகம், கார்த்திகையில் கார்த்திகை என்று, நிறைமதியும் குறிப்பிட்ட நட்சத்திரமும் கூடும் இரவுகளைத்தான் நாம் கொண்டாடிக்கொண்டிருக்கிறோம். மாசி மகத்துக்கு மலாக்கா செங் சன்னாசிமலைக்குத் தம்பினிலிருந்தும் கெமாஸிலிருந்தும் போகிறவர்களில் எத்தனை பேர், அன்றிரவு சந்திரனுக்கு அருகில் நிற்கும் மக நட்சத்திரத்தை அண்ணாந்து பார்த்திருப்பார்கள்? கல்யாணங்களில் அருந்ததி பார்க்கும் சடங்கோ பரிதாபத்துக்குரியது. காலை பத்து மணிக்குக் கோயில் மண்டபத்து வாசலில் நின்று குருக்கள் வெயிலைக் காட்டுகிறார், மணமக்களும் பார்த்துவிட்டதாகத் தலையாட்டுகிறார்கள். சித்திரை, வைகாசி இரவுகளில் வடக்கே திரும்பி நின்றால், சப்தரிஷி மண்டலத்தின் வாலில் வசிஷ்டரையும் அவரை ஒட்டி அருந்ததியையும் எந்தக் கருவியும் இல்லாமல் காணலாமே!

இந்த யோசனைக்குச் சில எச்சரிக்கைகளும் தேவை. இருபத்தேழு பாகங்களும் சமமானவை. அவற்றுக்குப் பெயர் தந்த நட்சத்திரங்களோ சம இடைவெளியில் இல்லை. சுவாதியும் திருவோணமும் சந்திரன் பாதைக்கு வடக்கே முப்பது பாகையளவு விலகி நிற்பவை. சுவாதி நாளில் சந்திரனுக்குப் பக்கத்தில் சுவாதியைத் தேடுகிறவன் ஏமாந்துபோவான். மேலும், தமிழ்நாட்டில் கணித்த பஞ்சாங்கமானால் அதிலுள்ள மணியோடு இரண்டரை மணி கூட்டிக்கொள்ள வேண்டும்; வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதத்துக்கும் நட்சத்திரம் மாறும் வேளையில் வித்தியாசம் இருப்பதால், வானத்தைப் பார்க்கிறவர் திருக்கணிதத்தையே கொள்வது நல்லது. பஞ்சாங்கத்தையும் தொலைநோக்கியையும் ஒரே மனிதர் கையாளக்கூடாது என்று எவரேனும் வாதித்தால், சென்னை வானாய்வுக் கூடத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரியை அவர்களுக்கு நினைவூட்டலாம். தென்திசை வானத்தில் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றை 1867-இல் கண்டுபிடித்தவரும் அவரே. கண்ணால் கண்டதோடு ஒத்துப்போகும்படி திருக்கணிதப் பஞ்சாங்கத்தைத் திருத்தி வெளியிட்டவரும் அவரே. ஜோதிட பலன்களில் நம்பிக்கை வைப்பதும் வைக்காததும் அவரவர் இஷ்டம். நட்சத்திரம் இருக்கும் இடம் யாருடைய நம்பிக்கையையும் பொறுத்ததன்று.

நம் அண்டை வீட்டாரிடமிருந்து கற்க வேண்டியதும் ஒன்று உண்டு. போர்ட்டிக்சனை அடுத்த தெலுக் கெமாங் கடற்கரையில் பிறை பார்ப்பதற்கென்றே ஒரு வானாய்வுக் கூடம் இருக்கிறது. பிறை எந்த நிமிஷம் எந்தத் திசையில் எத்தனை பாகை உயரத்தில் நிற்கும் என்று கணிதம் முன்கூட்டியே துல்லியமாகச் சொல்லிவிட்ட பிறகும், நோன்பு மாதத்தின் எல்லைகளில் முஸ்லிம் பெரியவர்கள் அங்கே போய் மேற்கே பார்த்து நிற்கிறார்கள். சந்திரனைக் கொண்டே காலத்தை அளக்கும் பஞ்சாங்கம் நம்மிடமும் இருக்கிறது. அவர்கள் வெளியே போய்ப் பார்க்கிறார்கள். நாம் தாளைக் கிழித்துப் பார்க்கிறோம்.

பழக்கத்துக்கு வேண்டிய சில்லறை விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். நட்சத்திரப் படத்தில் வடக்கை மேலே வைத்தால் கிழக்கு இடது கைப்பக்கம் வரும். பூகோளப் படத்தைப் பார்த்துப் பழகியவர்கள் இதை அச்சுப்பிழை என்று எண்ணிவிடுகிறார்கள். படத்தைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து அண்ணாந்து பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். பெரிய புள்ளி பிரகாசமான நட்சத்திரம், சிறிய புள்ளி மங்கலானது. சிறு புள்ளிகளை முதலில் தேடக்கூடாது. கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் பத்துப் பாகை, விரலை விரித்துச் சாண் பிடித்தால் ஏறக்குறைய இருபது பாகை. இருட்டுக்குக் கண் பழக இருபது, முப்பது நிமிஷம் ஆகும். ஒரு மோட்டார் சைக்கிள் விளக்கு அத்தனையையும் ஒரு நொடியில் கெடுத்துவிடும். ஆகையால் படம் பார்க்கும் விளக்கு சிவப்பாக இருக்க வேண்டும். பால்மரக் காட்டுத் தலைவிளக்கு இன்னும் வீட்டில் கிடந்தால், அதன் கண்ணாடிமீது சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டு மடிப்பாகச் சுற்றி ரப்பர் வளையம் போட்டுக்கொண்டால் போதும். பனியில் நனைந்து புத்தகத்தின் பக்கங்கள் அப்பளமாகச் சுருண்டுகொள்ளும் தேசம் இது. வேண்டிய பக்கத்தைப் பிரதி எடுத்துப் பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துச் செல்க. கொசுவைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

கைத்தொலைபேசியை வானத்துக்கு நேரே பிடித்தால் பெயர் தானே வந்து விழுகிறதே, இந்தப் பிரயாசையெல்லாம் எதற்கு என்று கேட்கிறார்கள். ஊர் வித்தியாசமும் கடிகார வித்தியாசமும் அந்தச் செயலியைப் பாதிப்பதில்லை என்பது உண்மை. ஒரு நட்சத்திரம் கிரகமா அல்லவா என்ற ஐயத்தைத் தீர்க்க நானும் அதைத் தஞ்சம் புகுவதுண்டு. ஆனால் அதன் திரை வெளிச்சம் கண்ணின் பழக்கத்தைக் கெடுக்கிறது. அதைவிடப் பெரிய குறை, கேட்பதற்கு முன்பே அது விடை சொல்லிவிடுகிறது என்பது. படத்தில் ஒரு முக்கோணத்தைப் பார்த்து, வானத்தில் அந்த முக்கோணத்தைத் தேடி, தவறி, மறுபடி தேடிக் கண்டுபிடித்தவனுக்கு அந்த நட்சத்திரம் மறக்காது. செயலி சொல்லிக் கேட்டவன் அடுத்த மாதமும் செயலியைத்தான் கேட்கிறான்.

வானம் குறுகி வருகிறது என்பதையும் மறைப்பதற்கில்லை. நீலாயின் தொழிற்சாலைகளும், தோட்டங்கள் இருந்த இடத்தில் எழுந்துவிட்ட சிரம்பான் 2, செண்டாயான் போன்ற புதுநகரங்களும், 1998-இல் எல்லைக்கு அப்பால் சிப்பாங்கில் திறக்கப்பட்ட விமான நிலையமும் சேர்ந்து, லாபு பக்கத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு வானத்தின் ஒரு பக்கத்தையே வெளுப்பாக்கிவிட்டன. சுமத்திராவிலிருந்து புகைமூட்டம் வரும் மாதங்களில் எல்லாப் பக்கமும் ஒன்றுதான். இருந்தாலும் கோலப்பிலாவைத் தாண்டியும், பகாவுக்கு அப்பாலும், ஜெலுபு மலைகளுக்குள்ளும் இருட்டு இன்னும் மிச்சமிருக்கிறது. மலைகள் சூழ்ந்திருப்பதால் இந்த நாட்டிலேயே மிகக் குறைவாக, வருஷத்துக்கு ஏறத்தாழ 1,650 மில்லிமீட்டர் மழை பெறும் பிரதேசம் ஜெலுபு என்பதை வான்நோக்குவோர் மனத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். ஆனி, ஆடி மாதங்களில் மழை சற்று ஓயும்போது, விருச்சிகம் முழுவதும் கேட்டையின் சிவப்போடும் மூலத்தின் வளைந்த கொடுக்கோடும் தென்வானில் உயர்ந்து நிற்பதை அங்கே பார்க்க வேண்டும்.

நமக்கு வேண்டியது, மூன்று பாகை அட்சரேகைக்கு, மலேசியக் கடிகாரத்துக்கு, தமிழ்ப் பெயர்களோடு வரைந்த பன்னிரண்டு படங்கள் கொண்ட ஒரு சிறு புத்தகம். கணித்து வரைவது இன்றைய கணினிக்கு ஒரு பொழுதின் வேலை. தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் நாலு பேர் மனம் வைத்து, பஞ்சாங்கம் அறிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் முடியும். வடக்குப் பார்த்து ஒரு பாதி, தெற்குப் பார்த்து ஒரு பாதி என்று ஒவ்வொரு மாதத்துக்கும் எதிரெதிர்ப் பக்கங்கள் இருக்க வேண்டும். சர்வதேசப் பெயர்களையும் தமிழெழுத்தில் கூடவே தர வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளைகள் பெரிய அட்லஸுக்குப் போகும்போது திகைப்பார்கள். எந்த மாதத்துப் படத்தை முதலில் வரைவது என்று என்னைக் கேட்டால் வைகாசியை என்பேன். வைகாசி அமாவாசையை ஒட்டிய இரவில், பத்து மணிக்கு மேகமில்லாதிருந்தால், வடக்கே முப்பது பாகைக்கு மேல் சப்தரிஷி மண்டலம் கவிழ்ந்து நிற்கும். திரும்பி நின்றால் தெற்கே, முப்பது பாகைக்குக் கீழே, மலாய்க்காரர்கள் திருக்கை மீனாகக் காணும் திரிசங்கு நேராக நிற்கும். லண்டன்வாசிக்குப் பின்னது கிடையாது. சிட்னிவாசிக்கு முன்னது முழுதாகக் கிடையாது. இவ்விரண்டுக்கும் நடுவே, மேற்கே இறங்கும் மகத்திலிருந்து கிழக்கே ஏறும் கேட்டை வரை, நம் நாட்காட்டியிலுள்ள நட்சத்திரங்களில் ஒன்பது, அச்சிட்ட வரிசையிலேயே ஒருங்கே நிற்கும். அந்த ஒரு படத்தை மட்டுமாவது இரண்டு பக்கமும் பிரதி எடுத்து, எழுபத்திரண்டு நிமிஷத் திருத்தத்தைச் செய்து, வரும் வைகாசிக்குள் நெகிரி செம்பிலான் தமிழ்ப்பள்ளிகளுக்கு அனுப்பிவைப்பதற்கு அதிகச் செலவு ஆகாது.